சேர்க்கக் கற்றுத்தரும் வகுப்பு, பிரிப்பதில் அவசரப்படுகிறது: குற்றச்சாட்டுகள் குறித்த ஓர் இணையப் பயிற்சி பற்றி

குற்ற வழக்கு விசாரணையில் குற்றச்சாட்டுகளையும் எதிரிகளையும் (குற்றம் சாட்டப்பட்டவர்களை நீதிமன்றத் தமிழில் அப்படித்தான் சொல்கிறோம்) எப்போது ஒன்றாகச் சேர்க்கலாம், எப்போது தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என்ற ஒரே பொருளை எடுத்துக்கொண்டு இளம் வழக்கறிஞர்களுக்காகத் தமிழில் நடத்தப்படும் வார இறுதி இணைய வகுப்பு ஒன்றில், என் அலுவலக ஜூனியர்களுடன் நானும் சேர்ந்து முழுமையாகக் கேட்டேன். ஆறு அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். கட்டணம் ஒருவருக்கு 2,400 ரூபாய். ஒவ்வோர் அமர்வுக்கும் குறிப்புத்தாள் உண்டு. பதிவு செய்யப்பட்ட காணொளிகளை ஆறு மாதம் வரை திரும்பப் பார்க்கலாம். நடத்துகிறவர்கள் நான் அன்றாடம் போய்வரும் நீதிமன்ற வளாகங்களிலேயே தொழில் செய்கிறவர்கள் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். இந்தப் பொருளுக்கென்று தமிழில் வேறு வகுப்பு எதுவும் என் கண்ணில் படவில்லையாதலால், தேடுகிறவர்கள் அடையாளம் கண்டுகொள்வது கடினமாக இருக்காது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுத்த பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் சேர்த்து விசாரிப்பதைப் பற்றி ஐந்து அமர்வுகளில் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தவர்கள், நம் நீதிமன்றங்களில் அன்றாடம் நடக்கும் வழக்குப் பிரிப்பைக் கடைசி அமர்வின் பின்பாதியில் ஓட்டமாக ஓடிக் கடந்துவிட்டார்கள். தலைப்பில் இரண்டையும் போட்டு விளம்பரம் செய்துவிட்டு ஒன்றை மட்டும் முழுமையாகத் தருவது சரியல்ல.

முதல் அமர்வை ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் எடுத்தார். புதிய குற்ற விசாரணை முறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 241-ஆவது பிரிவு, அதாவது பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 218-ஆவது பிரிவு, தனித்த குற்றம் ஒவ்வொன்றுக்கும் தனிக் குற்றச்சாட்டு வனைந்து, அதாவது முறைப்படி எழுதி, தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்பதையே விதியாக வைக்கிறது. 242, 243, 244, 246 ஆகிய பிரிவுகள் அதற்கு விலக்குகள். விலக்குகள் இத்தனை இருப்பதால் விதியே விலக்காகிவிட்டதோ என்ற மயக்கம் இளையவர்களுக்கு இயல்பாக வரும். அதைத் தொடக்கத்திலேயே நீக்கிய விதம் நன்றாக இருந்தது. எதிரியே எழுத்து மூலம் கேட்டுக்கொண்டு, அதனால் அவருக்குப் பாதகம் நேராது என்று நடுவர் (மாஜிஸ்திரேட்) கருதினால் சேர்த்து விசாரிக்கலாம் என்ற காப்புரையையும் அவர் மறக்காமல் சுட்டிக்காட்டினார். நடைமுறையில் இந்தக் காப்புரையைப் பயன்படுத்தி மனுப் போடுகிற வழக்கறிஞரைக் காண்பது அரிது.

இரண்டாம் அமர்வுதான் இந்த வகுப்பின் உச்சம். அதில் எடுத்துக்கொண்டது, சென்னை மாகாணத்திலிருந்து அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1901-இல் தீர்ப்பான சுப்பிரமணிய அய்யர் வழக்கு. ஓராண்டுக்குள் நடந்த ஒரே வகையான மூன்று குற்றங்களை மட்டுமே ஒரே விசாரணையில் சேர்க்கலாம் என்று அன்றைய சட்டம் வரையறுத்திருக்க, இரண்டாண்டுக் காலத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட 41 செயல்களை அரசுத் தரப்பு ஒன்றாகக் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தியது. இது சட்டம் வெளிப்படையாக விலக்கிய விசாரணை முறை, பின்னால் சரிசெய்துகொள்ளத் தக்க வெறும் முறைகேடு அல்ல என்று கூறிப் பிரிவி கவுன்சில் தண்டனையையே ரத்து செய்தது. நாற்பத்தொரு செயல்களுக்கும் ஒரே நேரத்தில் விடை சொல்ல வேண்டிய நிலையில் ஒரு மனிதரை நிறுத்தினால், ஒவ்வொன்றிலும் ஆதாரம் மெலிந்திருந்தாலும் எல்லாம் சேர்ந்து அவர்மேல் ஒரு கறையைப் படியவைத்துவிடும் என்ற அச்சமே மூன்று என்ற எல்லையின் உயிர் என்பதை, பயிற்சியாளர் பிரிவு எண்களை ஒதுக்கி வைத்துவிட்டு விளக்கினார்.

அதன் பிறகு சட்டம் எப்படி நெகிழ்ந்தது என்ற கதையும் அதே அமர்வில் வந்தது. 1955-ஆம் ஆண்டுத் திருத்தம், குற்றச்சாட்டுகளைத் தவறாகச் சேர்த்தலையும் சரிசெய்யத்தக்க குறைகளின் பட்டியலில் கொண்டுவந்தது. வில்லி ஸ்லேனி வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றச்சாட்டில் குறை இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல், அந்தக் குறையால் எதிரிக்கு உண்மையில் பாதகம் நேர்ந்ததா என்று பார்க்கச் சொன்னது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 464-ஆவது பிரிவு அதையே உள்வாங்கியது. இன்று அது புதிய சட்டத்தின் 510-ஆவது பிரிவு. ஆக, 1901-இல் சேர்க்கை தவறு என்று காட்டினாலே தண்டனை விழுந்துவிடும். இன்று அந்தத் தவறால் நீதி தவறியது என்றும் மேல்முறையீட்டில் காட்டியாக வேண்டும். இதிலிருந்து இளையவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறைப் பாடம், ஆட்சேபத்தைக் குற்றச்சாட்டு வனையும் நாளிலேயே எழுத்து மூலம் பதிவு செய்துவிட வேண்டும் என்பது. அன்று வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு மேல்முறையீட்டில் பாதகம் நேர்ந்தது என்று வாதாடினால், முன்பே ஏன் சொல்லவில்லை என்றுதான் முதல் கேள்வி வரும். பயிற்சியாளர் இதைச் சொன்னார். ஆனால் அந்த மனு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரியைக் காட்டியிருக்கலாம்; மாதிரி மனு எதுவும் ஆறு அமர்வுகளிலும் தரப்படவில்லை.

மூன்றாம் அமர்வில் ஒரு கற்பனை வழக்கைக் கொடுத்து, பங்கேற்பாளர்களை அரசுத் தரப்பாகவும் எதிரித் தரப்பாகவும் பிரித்தார்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்று. செயலாளர், எழுத்தர், நகை மதிப்பீட்டாளர் ஆகிய மூவரும் 26 மாதங்களில் போலி நகைகளுக்குக் கடன் கொடுத்ததாகக் கணக்கெழுதிப் பணத்தைக் கையாடியிருக்கிறார்கள். எத்தனை குற்றப்பத்திரிகை, எத்தனை விசாரணை? வணிகக் குற்றப் புலனாய்வுப் பிரிவின் வழக்குகளை நடத்தியவர்களுக்கு இது கற்பனையாகவே தோன்றாது.

விடை தேடும் போக்கில் சட்டத்தின் அடுக்குகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கையாடல் வழக்கில் ஒவ்வொரு தொகைக்கும் தனிக் குற்றச்சாட்டு வேண்டியதில்லை. ஓராண்டுக்குள் அடங்கும் மொத்தத் தொகையைக் காட்டினால் அது ஒரே குற்றமாகக் கொள்ளப்படும் என்பது புதிய சட்டத்தின் 235-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. அந்த வழியில் போனால் 26 மாதங்கள் மூன்று காலப் பகுதிகளாக உடைந்து மூன்று விசாரணைகள் ஆகிவிடும். கையாடலை மறைக்கக் கணக்கைத் திருத்தியது வேறு வகைக் குற்றமாயிற்றே, அதை எங்கே வைப்பது என்று ஒருவர் கேட்டார். அதற்கென்றே 243-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இருக்கிறது. கையாடலுக்குத் துணையாகவோ அதை மறைக்கவோ செய்த கணக்குத் திருத்தத்தை அதே விசாரணையில் சேர்க்கலாம். இந்த உட்பிரிவைப் படிக்காமலேயே ஆண்டுக்கணக்கில் தொழில் நடத்துகிறவர்கள் நம்மில் உண்டு. மூவரும் தொடக்கத்திலேயே கூடித் திட்டமிட்டார்கள் என்பது அரசுத் தரப்பின் வழக்கானால், எல்லாச் செயல்களும் ஒரே செயல்தொடர், அதாவது ஒன்றோடொன்று பிணைந்த ஒரே நிகழ்வு, ஆகிவிடும். அப்போது எண்ணிக்கை எல்லையும் பன்னிரண்டு மாத எல்லையும் தடையாக நிற்காது. 26 மாதங்களும் மூன்று எதிரிகளும் ஒரே விசாரணைக்குள் வந்துவிடும்.

எதிரித் தரப்பில் அமர்ந்த இளையவர்கள் எல்லோரும் உடனே தனி விசாரணை வேண்டும் என்றார்கள். நகை மதிப்பீட்டாளருக்கு அது பொருந்தலாம். அவருடைய பங்கு சிறியதானால், செயலாளர்மேல் குவியும் சாட்சியத்தின் நிழல் தன்மேல் விழாமல் தப்பிக்க நினைப்பார். செயலாளருக்கு அப்படியல்ல. மூன்று விசாரணை என்றால் மூன்று முறை சாட்சிகள் வருவார்கள், ஒன்றில் பிறழ்ந்தவர் அடுத்ததில் திருத்திக்கொள்வார், மூன்றிலும் தண்டனை வந்தால் ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கும் நிலையும் வரலாம். ஒரே விசாரணையில் பல குற்றங்களுக்குத் தண்டனை விதிக்கும்போது அவை ஏககாலத்தில் நடக்குமா என்பதை அதே நீதிபதி 25-ஆவது பிரிவின்படி தீர்மானிக்கிறார். வெவ்வேறு வழக்குகளில் தண்டனை வந்தால் 467-ஆவது பிரிவின்படி பிந்தையது முந்தையது முடிந்த பிறகே தொடங்கும், நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிட்டாலொழிய. ஒரே வழக்கில் முதல் எதிரியான செயலாளருக்கு ஒரு நலன், மூன்றாம் எதிரியான மதிப்பீட்டாளருக்கு அதற்கு எதிரான நலன். மூவருக்கும் சேர்த்து ஒரே வக்காலத்து வாங்கிக்கொள்ளும் நம் வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பயிற்சியாளர் பெயர் சொல்லாமல் இடித்துரைத்தபோது, திரையில் சிலர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன்.

இந்த அமர்வின் குறிப்புத்தாளில் மட்டும் ஒரு பெரிய குறை. ஒரே வகைக் குற்றங்களைச் சேர்ப்பதற்கான எல்லை மூன்றிலிருந்து ஐந்தாக உயர்ந்துவிட்டது என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். 242-ஆவது பிரிவைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் 2024 ஜூலை 1-ஆம் தேதி புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய சட்டப்படியே முடிக்கப்பட வேண்டும் என்று 531-ஆவது பிரிவு சொல்வதைக் குறிப்புத்தாள் ஓர் அடிக்குறிப்பாகக்கூடத் தெரிவிக்கவில்லை. இன்று நம் நீதிமன்றங்களில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வழக்குகளுக்கு எல்லை இன்னும் மூன்றுதான். காசோலை வழக்குகளில் இது உடனே கையைக் கடிக்கும். ஒரே கடனுக்குக் கொடுத்த நான்கு காசோலைகள் திரும்பிய ஒரு குஜராத் வழக்கில், நான்கையும் ஒரே விசாரணையாக்க மூன்று என்ற எல்லை தடை என்று சொல்லி, நான்கையும் ஒரே தேதியில் போட்டு நடத்துமாறு மட்டும் உச்ச நீதிமன்றம் 2019-இல் உத்தரவிட்டது. 2021-இல் அரசியல் சாசன அமர்வு காசோலை வழக்குகளுக்காக இந்த எல்லையைத் தளர்த்தச் சட்டத் திருத்தம் வேண்டும் என்று பரிந்துரைக்கவும் செய்தது. இத்தனை இருக்க, ஐந்து என்று மட்டும் அச்சிட்ட தாளை எடுத்துக்கொண்டு ஒரு ஜூனியர் பழைய வழக்கில் மனுத் தாக்கல் செய்தால் என்ன ஆகும் என்பதை ஏற்பாட்டாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நான் எழுதித் தெரிவித்தேன். திருத்திய தாள் அனுப்புவதாகச் சொன்னார்கள். இதை எழுதும்வரை வரவில்லை.

நான்காம் அமர்வு ஒரே செயல்தொடர் என்றால் என்ன என்பது பற்றியது. சட்டம் அதை வரையறுக்கவில்லை. நீதிமன்றங்களே அளவுகோல்களை உருவாக்கின. கால நெருக்கம், இட ஒருமை, நோக்க ஒருமை, செயலின் தொடர்ச்சி ஆகியவற்றை 1963-இல் தீர்ப்பான சீமலபாட்டி கணேஸ்வர ராவ் வழக்கு விரித்துரைக்கிறது. சேர்க்கை சரியா என்பதைக் குற்றச்சாட்டு சுமத்தப்பட்ட நிலையை வைத்தே பார்க்க வேண்டும், விசாரணை முடிவில் சதி நிரூபணமாகவில்லை என்பதால் சேர்க்கை தவறாகிவிடாது என்பது 1938-ஆம் ஆண்டுப் பாபுலால் சௌக்கானி தீர்ப்பு. இவை எல்லாம் தேவையானவை. ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் இருபதுக்கு மேற்பட்ட தீர்ப்புகளை வரிசையாக வாசித்தால் கேட்கிறவர் மனத்தில் எதுவும் நிற்காது. கால்நடைத் தீவன ஊழல் வழக்கை மட்டும் எடுத்து விரிவாகப் பேசியிருந்தால் போதும். பீகாரின் முன்னாள் முதல்வர் லாலு பிரசாத் யாதவ் சம்பந்தப்பட்ட அந்த வழக்குகளில், எல்லாம் ஒரே பெருஞ்சதிதான், ஒன்றில் தண்டனை பெற்ற பிறகு மற்றதில் விசாரிக்கக் கூடாது என்ற வாதத்தை உயர் நீதிமன்றம் பெருமளவு ஏற்க, உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் அதை மாற்றியது. வெவ்வேறு கருவூலங்கள், வெவ்வேறு காலங்கள், வெவ்வேறு தொகைகள், வெவ்வேறு குற்றங்கள். செய்முறை ஒத்திருப்பதாலேயே செயல்தொடர் ஒன்றாகிவிடாது என்பது அதன் சாரம். தேவ்கர், தும்கா, சாய்பாசா, டோரண்டா என்று கருவூலம் வாரியாகத் தனித்தனித் தீர்ப்புகள் வந்ததற்குப் பின்னால் இருப்பது இந்தச் சேர்க்கை–பிரிப்புக் கேள்விதான். பயிற்சியாளர் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினார்.

ஐந்தாம் அமர்வு எதிரிகளைச் சேர்ப்பது பற்றிய 246-ஆவது பிரிவு. பெரும்பாலும் சட்டப் பிரிவை வாசித்து விளக்கியதோடு சரி. குறிப்பிடத்தக்கது ஒன்று உண்டு. கூட்டு எதிரி ஒருவரின் ஒப்புதல் வாக்குமூலத்தை மற்றவருக்கு எதிராக நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டுமானால், இருவரும் ஒரே குற்றத்துக்காகக் கூட்டாக விசாரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு. இன்று புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 24-ஆவது பிரிவு அதே விதியை வைத்துக்கொண்டு, புதிய விளக்கம் ஒன்றைச் சேர்த்திருக்கிறது: எதிரி ஒருவர் தலைமறைவானதால் அவர் இல்லாமல் நடக்கும் விசாரணையும் இந்தப் பிரிவின் நோக்கத்துக்குக் கூட்டு விசாரணையாகவே கருதப்படும். ஆளே இல்லாத இடத்தில் அவரைக் கூட்டு எதிரியாக வைத்து, அவர் முன்பு கொடுத்த வாக்குமூலத்தை எதிரே நிற்கிறவர்மேல் பயன்படுத்தலாம், அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை என்றால், இது பிரிப்பு–சேர்ப்புச் சட்டத்தில் அண்மையில் வந்த மிகப் பெரிய மாற்றம். 1952-இல் காஷ்மீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அத்தகைய வாக்குமூலம் மற்றச் சாட்சியத்துக்கு உறுதி சேர்க்க மட்டுமே உதவும் என்று வகுத்த எல்லையை இனி முன்னைவிட அழுத்தமாகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரு வரியில் சொல்லிக் கடக்கத் தக்க செய்தியல்ல இது. ஒரு வரியில்தான் கடந்தார்கள்.

இப்போது ஆறாம் அமர்வு. முதல் பாதி கேள்வி பதிலுக்குப் போய்விட்டது. மீதி முக்கால் மணி நேரத்தில் தலைமறைவு எதிரி, இளஞ்சிறார், எதிர்வழக்கு, ஆஜராகாத எதிரி ஆகிய நான்கையும் அடைத்தார்கள். சட்டத்துக்கு முரண்பட்ட சிறாரை வயது வந்தவரோடு சேர்த்து விசாரிக்கக் கூடாது என்ற 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 23-ஆவது பிரிவுக்கு விவாதமே தேவையில்லை; ஒரு நிமிடம் போதும். எதிர்வழக்கு அப்படியல்ல. கோயில் திருவிழாவிலோ வரப்புத் தகராறிலோ இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டு இரண்டு வழக்கு பதிவானால், அவற்றை ஒன்றாக்கக் கூடாது. ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரித்து, ஒன்றின் சாட்சியத்தை மற்றதில் கலக்காமல், தனித்தனித் தீர்ப்பை ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும் என்று நாத்தி லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. தமிழ்நாட்டுக் காவல் நிலையாணைகளிலும் எதிர்வழக்குகளுக்குத் தனி விதி உண்டு. நம் ஊர் அமர்வு நீதிமன்றங்களில் அடிக்கடி எழும் இந்தக் கேள்விக்கு ஓர் அமர்வே தரலாம்.

மிகப் பெரிய ஏமாற்றம் தலைமறைவு எதிரியைப் பிரிக்கும் பகுதி. ஏழு எதிரிகளில் ஒருவர் வாய்தாவுக்கு வரவில்லை, பிடிவாரண்ட் நிறைவேறவில்லை, மற்ற அறுவரின் வழக்கு தேங்கக் கூடாது என்று அவருடையதைப் பிரித்துப் புதிய எண் கொடுக்கிறார்கள். இதுவரை எல்லோருக்கும் தெரியும். பிரித்த பிறகு, அறுவர் வழக்கில் பதிவாகும் சாட்சியம் பின்னால் பிடிபடும் ஏழாமவருக்கு எதிராகச் செல்லுமா என்பதுதான் கேள்வி. அவர் தலைமறைவானார், உடனே பிடிபட வாய்ப்பில்லை என்பதை முதலில் நிரூபித்து, 335-ஆவது பிரிவின்படி, அதாவது பழைய 299-ஆவது பிரிவின்படி, அவருக்கு எதிராகவும் சாட்சியம் பதிவு செய்யப்பட்டிருந்தால், சாட்சி இறந்துபோன, கண்டுபிடிக்க முடியாத, அழைத்துவர நியாயமற்ற தாமதமோ செலவோ ஆகும் நிலைகளில் அதைப் பயன்படுத்தலாம். அந்தப் பதிவே இல்லாமல் வெறுமனே பிரித்துவிட்டால், பல ஆண்டு கழித்து எல்லாச் சாட்சிகளையும் மறுபடி தேட வேண்டும். சிலர் மறைந்திருப்பார்கள், சிலர் மறந்திருப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு சுங்க வழக்கில், ஒரே சம்பவத்துக்காகத் தனித்தனியே நடந்த விசாரணைகளில் ஒன்றின் சாட்சியத்தை மற்றதன் எதிரிக்கு எதிராகப் படிக்கக் கூடாது, ஒவ்வொரு வழக்கும் தன் பதிவேட்டின் மேலேயே தீர்மானிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. பிரிப்பு உத்தரவின்போது அரசு வழக்கறிஞர் ஒரு மனுவைக் கூடுதலாகப் போட்டிருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய வழக்குகள் எத்தனையோ. வகுப்பில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அறிவிக்கப்பட்ட குற்றவாளியை, அதாவது தலைமறைவானவர் என்று நீதிமன்றம் அறிவித்தவரை, அவர் இல்லாமலே விசாரித்துத் தீர்ப்பும் சொல்ல இன்று 356-ஆவது பிரிவு வழிவகுத்திருப்பதும், குற்றச்சாட்டு வனைந்து 90 நாள் கழிந்த பிறகே அந்த விசாரணையைத் தொடங்க முடியும் என்பதும் பெயரளவில் மட்டும் சொல்லப்பட்டன.

பிரிப்புக்கு நீதிமன்றங்கள் எப்போது கதவைச் சாத்துகின்றன என்பதும் வகுப்பில் வரவில்லை. 2021 அக்டோபரில் நசீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தனி விசாரணையே விதி என்பதை ஏற்றுக்கொண்டு, கூட்டு விசாரணையா தனி விசாரணையா என்பதை விசாரணையின் தொடக்கத்திலேயே, எதிரிக்கு நேரும் பாதகத்தையும் காலதாமதத்தையும் கருதித் தீர்மானிக்க வேண்டும் என்றது. வேறுவிதமாகவும் நடத்தியிருக்கலாம் என்ற காரணத்துக்காக மட்டும் முடிந்த தீர்ப்பைக் கலைக்க முடியாது என்றும் சொன்னது. ஹரியானாவின் நூஹ் வன்முறை வழக்கில், எதிரிகளில் ஒருவர் சட்டமன்ற உறுப்பினர் என்பதால் அவர் வழக்கை விரைவாக முடிக்க அவரை மட்டும் பிரித்த உத்தரவை, அதே சாட்சியம், அதே சம்பவம் என்று காட்டி 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நேரம் குறைவாக இருந்தபோதிலும் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருந்தால் மாணவர்களுக்குப் பிரிப்பின் எல்லை தெரிந்திருக்கும்.

மற்றச் சேவை விவரங்களில் குறை சொல்ல அதிகமில்லை. ஒலி தெளிவாக இருந்தது. அமர்வு சரியான நேரத்தில் தொடங்கியது. வாட்ஸ்அப் குழுவில் கேட்ட கேள்விகளுக்கு அடுத்த நாளுக்குள் விடை வந்தது. வருகைச் சான்றிதழ் தருகிறார்கள். அதனால் நீதிமன்றத்தில் பயன் ஒன்றும் இல்லை.

சட்டக் கல்லூரி இறுதியாண்டு மாணவர்களும் நடுவர் நீதிமன்றத்தில் தனியாக வழக்கு நடத்தத் தொடங்கியவர்களும் தயங்காமல் சேரலாம். இரண்டாம், மூன்றாம் அமர்வுகளே கட்டணத்தை ஈடுசெய்துவிடும். அமர்வு நீதிமன்ற அனுபவம் உள்ளவர்களுக்கு முழு வகுப்பு தேவையில்லை. அந்த இரண்டு அமர்வுகளின் பதிவை மட்டும் 700 ரூபாய்க்குத் தனியாகத் தருகிறார்கள், அதுவே போதும். அடுத்த தொகுதியில் வழக்குப் பிரிப்புக்கு இரண்டு முழு அமர்வுகள் வைக்கப்போவதாக ஏற்பாட்டாளர்கள் குழுவில் அறிவித்திருக்கிறார்கள். வைத்தால், முதல் தொகுதியில் பணம் கட்டியவர்களை அந்த இரண்டுக்கும் கட்டணமில்லாமல் அனுமதிப்பதே முறை; நான் கேட்டதற்கு, பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது.